பொறி பறக்காத இடம்

பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்.
பில் இன்னும் என் கைப்பையில் இருக்கிறது.
நேசதுரை கராஜ், களுவாஞ்சிகுடி.
"வேன் தளம், சீட் கால் நாலு, முழு ஒட்டு"
நீல மையில் எழுதி,
"முழு" என்ற சொல்லின் கீழே
அவரே ஒரு கோடும் இழுத்திருக்கிறார்.

அந்தக் கோட்டை நம்பித்தான்
பதினொரு பிள்ளைகளை ஏற்றினேன்.

ஒன்பதாம் நாள், கோட்டைக்கல்லாற்றுப் பாலத்தில்
ஒரு சத்தம்.
இரும்பு முறிகிற சத்தம்கூட இல்லை,
பிஸ்கட் முறிகிற சத்தம்.
பின்சீட்டு ஒரு பக்கம் குந்தியது.
ஆறு பேர் வழுக்கிப் போய்ச்
சாப்பாட்டுப் பெட்டிகளோடு மூலையில் குவிந்தார்கள்.
கத்துவார்கள் என்று பிறேக்கை மிதித்தேன்.
சிரித்தார்கள்.
"அன்ரி, இன்னொருக்காச் செய்யுங்க" என்றான் ஒருவன்.
யதுர்ஷிகா மட்டும் குனிந்து பார்த்து
"கீழ றோட்டுத் தெரியுது" என்றாள்,
மழை தூறுது என்று சொல்கிற குரலில்.

பாலம் கடந்து நிறுத்தி இறங்கினேன்.
முழங்கால் இரண்டும்
என் பேச்சைக் கேட்கவில்லை.

கராஜில் முதல் கேள்வி:
"அவர் வரல்லையா?"
வேன் ஓடுறது நான்தான் என்றேன்.
அடுத்த கேள்வி:
"கூடப் புள்ளயள ஏத்தினீங்களோ?"
அதற்கடுத்தது கேள்வியில்லை, தீர்ப்பு.
"கடக்காத்து. உப்பு.
இஞ்ச எந்த ஒட்டும் நிக்காது."

ஒன்பது நாளில் இரும்பைத் தின்று முடிக்கிற உப்பு
எங்கள் கடலில் இன்னும் விளையவில்லை.

வழி நெடுகச் சேர்த்த ஏச்சு
நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது.
அதைச் செலவழிக்கவில்லை.
ஒன்றே ஒன்று கேட்டேன்.
"மற்ற மூணு காலிலயும் கிறைண்டரப் பிடியுங்க.
இஞ்சயே. இவங்களுக்கு முன்னால."

இவர்கள் என்றால்
ஓட்டோக்காரர் இருவர், ஸ்கூட்டியோடு ஒரு ரீச்சர்,
லேண்ட்மாஸ்டர் பெட்டியின் கொக்கியை
அன்றுதான் ஒட்டி எடுக்க வந்த ஒருவர்.

நேசதுரை கண்ணால் வேண்டாம் என்றார்.
அதற்குள் டிலுக்ஷன், ஒட்டின பொடியன்,
சுவிட்சைப் போட்டுவிட்டான்.

இரும்பில் பட்டால் பொறி பறக்க வேண்டும்.
பெயின்ட் போனது. காத்திருந்தோம்.
பறந்தது மாவு.
பிட்டுக்கு அரித்த மாதிரி நைசான வெள்ளை மாவு,
அவன் இமையெல்லாம் நரைத்தது.
பட்டி. பட்டிக்குள் ஒரு கம்பித் துண்டு.
நாலு மூலையில் நாலு புள்ளி.
ஒட்டு இல்லை அது,
பொட்டு.

லேண்ட்மாஸ்டர்க்காரர் மெல்ல எழும்பித்
தன் கொக்கிக்கு முன்னால் போய்க் குந்தினார்.

"ரெண்டு றொட்டுத்தான் தந்த" என்றான் டிலுக்ஷன்.
யாருக்குச் சொன்னானோ,
கையிலிருந்த கிறைண்டருக்குச் சொன்ன மாதிரி இருந்தது.

நேசதுரை உடனே நல்லவரானார்.
"இண்டைக்கே சும்மா செஞ்சு தாறன்."
பிளேன்ரீ வந்தது.
தாகம், குடித்தேன்.
குடித்துவிட்டுக் காசைத் திருப்பிக் கேட்டேன்.
பன்னிரண்டாயிரம் எண்ணி வைத்தார்.
மிச்சம் பெயின்டுக்காம்.
பெயின்ட் நல்லாத்தான் இருந்தது,
அதை மறைக்கக் கூடாது.

மருதமுனைக் கலீல் காக்கா
ஒன்றரை நாள் வேனுக்குக் கீழே கிடந்தார்.
கறளை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டிப்
புதுத் தகடு வைத்தார்.
அவர் ஒட்டுக்கு வடிவில்லை,
தடித்த அட்டைகள் வரிசையாகப் படுத்த மாதிரி.
"மேலால பெயின்ட் அடிச்சா ஒண்டும் தெரியாது" என்றார்.
தெரியட்டும் என்றேன்.
கிறீஸ் மட்டும் போதும்.
"அப்ப மாசா மாசம் பூசணும் தங்கச்சி."

பூசுகிறேன்.
விடிய ஐந்தரைக்கு றப்பர் விரிப்பைத் தூக்கி
நாலு காலிலும் சுத்தியலால் ஒருக்காத் தட்டி
என்ன சொல்லுது என்று கேட்கிறேன்.

யதுர்ஷிகாவும் ஏறியதும்
விரிப்பைத் தூக்கிப் பார்க்கிறாள்.
"இண்டைக்கும் றோட்டுத் தெரியல்ல அன்ரி" என்கிறாள்,
கொஞ்சம் கவலையாக.