தரை என்னங்க?

பெருந்துறைச் சிப்காட்டில்
இருநூறு டன் பிரஸ் ஒன்று வைத்திருக்கிறேன்.
தேய்ந்த டயரை ரிம்மிலிருந்து பிதுக்கும்,
புதியதை ஏற்றும்.
ரப்பர் முனகுகிற முனகலில்
பக்கத்துக் கடையில் போன் பேச முடியாதாம்.

ஃபோர்க்லிஃப்ட்டுக்கு டயர் என்று யார் கூப்பிட்டாலும்
அளவை அப்புறம் கேட்பேன்.
முதலில், "தரை என்னங்க?"
பாதிப் பேர்
லைனில் இருங்க என்று சொல்லிவிட்டு
போய்க் குனிந்து பார்த்து வருகிறார்கள்.

அரசூர் பவுண்டரி நாச்சிமுத்து
குனிய வேண்டியதில்லை.
கடைசல் இரும்பு சுருள் சுருளாய்க் கிடக்கிற தரை.
ஒரே ஒரு முறை, மலிவு என்று,
காற்றடைத்த டயர் போட்டார்.
மதியச் சாப்பாட்டுக்குள் உஸ்ஸென்றது.
இரண்டு டன் வார்ப்பு ஒருபக்கமாய்ச் சாய்ந்து இறங்கியது
ஒரு டிபன் கேரியர் மேல்.
அதற்குப் பின் கெட்டி ரப்பர்தான்.
உள்ளே காற்றில்லை, போவதற்கும் ஒன்றுமில்லை.
குழி எங்கெங்கே என்று
ஓட்டுகிற பையனின் இடுப்பைக் கேட்டால் சொல்லும்.

ஆனைமலைப் பக்கத்து நார் மில்லில்
அதே கெட்டி டயர்
முதல் மழைக்கே நின்ற இடத்தில் சுற்றியது.
அங்கே காற்று வேண்டும்.
சேற்றைக் கவ்விப் பின்னால் எறிய
ஆழப் பட்டை வேண்டும்.

பால் கம்பெனிக் குளிரறைக்குப் பாலியூரித்தேன்.
"பேரிலேயே பாலும் இருக்கு, தேனும் இருக்குங்க" என்றேன்.
பர்ச்சேஸ்காரர் சிரிக்கவில்லை.
விலை சொல்லியிருந்தேன்.

திருப்பூரிலிருந்து மோகனசுந்தரி அழைத்தபோது
ராத்திரி பதினொன்று.
எபாக்ஸித் தரை முழுக்கக் கறுப்புக் கோடு,
காலை எட்டு மணிக்கு ஆடிட்.
"வெள்ளை டயர் நாலு வேணுங்க."
கரி சேர்க்காத ரப்பர், சீக்கிரம் தேயும்,
காசும் கூட, எல்லாம் சொன்னேன்.
"தேயட்டுங்க. கோடு விழக்கூடாது."
மினி ஆட்டோவில் சக்கரங்கள் வந்தன.
மூன்று மணிக்குத் திரும்பிப் போயின,
மாப்பிள்ளை வேட்டி மாதிரி.

ஆடிட் பாஸ்.

ஆர்டர் குறைந்த மாதத்தில்
முதலாளியின் மச்சான் அந்த வண்டியை
ஈரோட்டு மஞ்சள் குடோனுக்கு
ஒரு வாரம் இரவல் வாங்கினார்.
திரும்பி வந்தது வண்டி.
சோப்பு, மண்ணெண்ணெய், எலுமிச்சை,
எதற்கும் போகவில்லை.
எபாக்ஸியில் இப்போது மஞ்சள் கோடு.

"கோடு விழாத டயர்னு சொன்னீங்களே?"
"அது கோடு போடாதுங்க.
மேல ஒட்டுனதுக்கு டயர் என்ன பண்ணும்?"
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பிறகு, "இன்னொரு செட் என்ன விலைங்க?"

கழற்றிய நாலையும்
ஹெல்பர் திபாகர் வாசலில் உருட்டிக்கொண்டு போனான்.
சிமெண்டில் எடைமேடை வரைக்கும்
ஒரு மஞ்சள் தடம்.
சாயங்காலம் வந்த சேலத்து லாரிக்காரர்
என்ன நினைத்தாரோ,
அதன்மேல் ஏற்றாமல்
ஓரமாய் ஒடித்து ஓட்டினார்.