குண்டறைப் பயணி

"உடம்பில் இரும்பு ஏதும் இருக்கா சார்?"
படிவத்தைப் பார்த்தபடி கேட்கிறாள் ஜெசிந்தா,
செம்புதாஸ் தெருவில் முப்பத்தோரு வருடமாய்
பேரிங் விற்கிறவனிடம்.

பெல்ட், சாவிக்கொத்து, அரைஞாண் கொடி,
பைக்குள் மறந்துபோன 6203 ஒன்று.
எல்லாம் தட்டில்.
வெளியே பூந்தமல்லி நெடுஞ்சாலையில்
ஏதோ ஆட்டோவின் பின்சக்கரம் கீச்சிடுகிறது.
சத்தத்தை வைத்தே நம்பர் சொல்வேன்.
என் இடுப்புக்குச் சொல்லத் தெரியவில்லை.
"பந்தும் கிண்ணமும் தேயுது,
உங்களுக்குத் தெரியாததா" என்றார் டாக்டர்.

குழாய்க்குள் நகர்கிறது படுக்கை.
அசையக் கூடாது.
கையில் ஒரு ரப்பர் பந்து:
முடியவில்லை என்றால் அமுக்கணும்.

அப்போதுதான் வந்து பக்கத்தில் படுத்தான்
நாற்பத்து மூன்றாம் வருடத்து ஆள்.

கிண்டி ஓட்டலில் டீலர்கள் கூட்டம்.
சூப்பை ஊதிக்கொண்டே ஒருவர் சொன்னது:
மரத்தால் ஆன விமானமாம்.
குண்டு தொங்கவேண்டிய வயிற்றில்
கம்பளி விரித்து மல்லாத்திய ஒரு மனிதன்,
மூக்கில் பிராணவாயு,
தலைமாட்டில் துளி விளக்கு,
ஒரு புத்தகம், பிளாஸ்க்கில் காப்பி.
துப்பாக்கி கிடையாது.
ஓட்டுகிறவனுக்குப் பயணி விமானக்காரன் உடுப்பு.
கீழே எதிரி பிடித்துவைத்த நார்வே.
தாண்டினால் விளக்கை அணைக்காத ஸ்டாக்ஹோம்.

திரும்பி வரும்போது பெட்டி பெட்டியாய்
எஃகு உருண்டைகள்,
கடுகிலிருந்து நெல்லிக்காய் வரை.
அதில்லாமல் போர் உருளாது.

அதே விமானக் களத்தில், அடுத்த வரிசையில்,
எதிரியின் விமானமும் நிற்குமாம்.
அவனுக்கும் அதே ஊர்ச் சரக்கு.

எல்லோரும் வியந்தார்கள். நான் சிரித்தேன்.
மண்ணடியில் அண்ணன் தம்பி இருவர்,
கோர்ட்டில் பதினாலு வருடம்,
சாவுக்குக்கூடப் போய்வராதவர்கள்.
இருவருக்கும் நான்தான் சரக்கு.
அண்ணன் படியேறினால்
தம்பியின் பில்லைக் காலண்டருக்குப் பின்னால் செருகுவேன்.
ஒரே விலைதான்.
அண்ணனுக்கு மட்டும் ஒரு ரூபாய் கூட,
பேரம் பேசத் தெரியாது அவருக்கு.

கடையின் பழைய பேரேட்டில்
கணக்கர் ஆவுடையப்பன் எழுதியிருக்கிறார்,
நாற்பத்து நாலு, மாசி:
'சுவீடன் சரக்கு வரத்து இல்லை.
பெரம்பூர் ஒர்க்‌ஷாப்புக்குப் பதில் போடவும்.'
என்ன பதில் போட்டார் என்று இல்லை.

கட்டகட்டகட்ட என்று
தலைக்குள் இறங்குகிறது இயந்திரம்.
பக்கத்திலிருப்பவன் பக்கம் புரட்டவில்லை.
எந்த வரியில் நிற்கிறான்?
காதில் ஜெசிந்தா: "சார், ஓகேவா?"
அவனையும் இப்படித்தான் கேட்பார்களாம்
முன்னாலிருந்து, கம்பி வழியே.
பதில் வராவிட்டால் விமானத்தைத் தாழ இறக்குவார்கள்,
காற்று இருக்கும் உயரத்துக்கு,
பீரங்கி எட்டும் உயரத்துக்கு.

சில விமானங்கள் கடலோடு போயினவாம்.
எத்தனை என்று கேட்டேன்.
சொன்னவருக்கு நினைவில்லை,
அதற்குள் பிரியாணி வந்துவிட்டது.

"ஓகேம்மா" என்கிறேன்,
இருவருக்கும் சேர்த்து.

வெளியே வந்து போனைப் பார்த்தால்
தவறிய அழைப்புகள் இரண்டு:
அண்ணன். தம்பி.
இரண்டுக்கும் இடையில் மூன்று நிமிடம்.
இதுவரை இப்படி நடந்ததில்லை.
யாருக்கு என்ன ஆனதோ.

தட்டிலிருந்த 6203-ஐ
விரலில் மாட்டிச் சுண்டுகிறேன்.
சுற்றுகிறது.
புதுசு, சத்தமே இல்லை.
நிற்கட்டும், பேசலாம்.