மூன்றாவது அளவு

கோப்பாய்ச் சங்கக்கடைக்கு
மூடுகிற நேரம் பார்த்துத்தான் போனேன்.
அப்போதுதான் அவவுக்குக் கை ஓயும்.
நிறைப்பொறி வைக்க
மட்டமான நிலம் வேண்டும் என்றேன்.
பருப்புச் சாக்கைத் தள்ளி இடம் தந்தா.
பிறகு ஐந்து கிலோப் படிக்கல்லைத் தூக்கி வந்து
"முதல் இதை வைச்சுப் பாரும்,
உம்மட மெசின் சரியோ எண்டு."
நாலு புள்ளி ஒன்பது எட்டு.
"இருபது கிராம் களவு" என்று சிரித்தா.

இலக்கம் நானூற்றுப் பதினேழு.
பெயர் வெளியே போகக்கூடாது என்பது ஆய்வு ஒழுக்கம்.
சுகிர்தமலர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செருப்பைக் கழற்றினா.
சங்கிலியைத் தொட்டு "இதையுமோ?" என்றா.
தேவையில்லை.
ஏறினா.
எண்பத்தொன்று புள்ளி நாலு.
நாள் முழுக்க ஊராரின் அரிசியை நிறுப்பவ
தன் எண்ணைப் பார்க்கவில்லை,
என் முகத்தைப் பார்த்தா.
அதற்கு எங்களுக்கு அரை நாள் பயிற்சி உண்டு:
புருவம் உயரக்கூடாது,
"பரவாயில்லை" என்றும் சொல்லக்கூடாது.

கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில்,
மூச்சு வெளியேறி முடிகிற கணத்தில் நாடா.
தொண்ணூற்றெட்டு.
மறுபடியும். நூறு.
ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் வித்தியாசம் வந்தால்
மூன்றாவது அளவு எடுக்கவேண்டும்.
"முதல் தரம் வயித்தை எக்கினனான், பிள்ளை."
எல்லோரும் எக்குகிறார்கள்.
பயிற்சியில் எங்கள் பேராசிரியரும் எக்கினார்.

கேள்வி இருபத்தாறு:
வளர்ந்தபின் உங்கள் ஆகக் குறைந்த நிறை எவ்வளவு,
எந்த ஆண்டில்?
ஆண்டை உடனே சொன்னா.
இரண்டாயிரத்து ஒன்பது, சித்திரை மாதம்.
நிறை தெரியாது.
"தராசு கிடந்தது.
நிறுக்கத்தான் சாமான் இல்லை."
பிறகு பாவாடை நாடாவைப் பற்றிச் சொன்னா.
கிழமைக்கொரு தரம் முடிச்சை உள்ளே தள்ளித் தள்ளி
கடைசியில் அது இரண்டு சுற்று வந்ததாம்.
இடுப்புக்கு முன்னால் இரு கையாலும்
காற்றில் ஒரு வளையம் பிடித்துக் காட்டினா.

ஏன் அப்படிச் செய்தேன் தெரியாது,
என் நாடாவை அந்தக் காற்றைச் சுற்றிப் பிடித்தேன்.
அறுபத்தொன்று.
அளந்து முடியுமட்டும்
அவ மூச்சு விடவில்லை.

பட்டினி கண்ட உடல்
பிறகு வருகிற சோற்றை நம்பாது,
கிடைப்பதையெல்லாம் ஒளித்து வைக்கும் என்றொரு கருதுகோள்
எங்கள் முன்மொழிவில் இருக்கிறது,
நாலாம் பக்கத்தில், இரண்டு வரி.
சொன்னேன்.
"அப்ப சண்டை முடிஞ்சதை
என்ர உடம்புக்கு ஒருத்தரும் அறிவிக்கேல்லையாக்கும்"
என்றபடி சீனிக் குளிசையைத்
தேத்தண்ணியோடு விழுங்கினா.

கடைசியில் மூடிய உறை.
கணினி குலுக்கிய வரிசை, உள்ளிருப்பது எனக்கும் தெரியாது.
'அ' என்றால் ஆறு மாதம்
உணவு ஆலோசகர், நடைக்குழு, கிழமைதோறும் தொலைபேசி.
'ஆ' என்றால் ஒரு துண்டுப்பிரசுரம், ஒரு நன்றி.
லொத்தர் சீட்டுப் போல் நகத்தால் விளிம்பைக் கீறினா.
ஆ.
"நிவாரணம் எண்டால்
எனக்கு எப்பவும் முடியிற இடத்து வரிசைதான்."

ஒப்பிட ஒரு குழு இல்லாவிட்டால்
எந்தச் சிகிச்சையும் தன்னை நிரூபிக்காது.
இதை விளக்கவும் பயிற்சி உண்டு. விளக்கினேன்.
கடனுக்குக் கேட்டு நிற்பவருக்கு ஆட்டுவது போல்
தலையை ஆட்டினா.
பிரசுரத்தை நாலாய் மடித்து
கல்லாவில் சில்லறைக்குக் கீழே வைத்தா.

இருபாலைச் சந்தியில் ஸ்கூட்டியை நிறுத்தி
கேள்வி இருபத்தாறைத் திறந்தேன்.
அறுபத்தொன்று என்று போட்டேன்.
கிலோ என்று நினைத்து
திரை அதை மறுப்பில்லாமல் ஏற்றது.
அழித்தேன்.
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது: தெரியாது.
குறிப்புப் பெட்டியில் ஐம்பது எழுத்துக்கு இடம்.
நாடா இரண்டு சுற்று, என்று எழுதினேன்.
மிச்சம் வெறுமையாய்க் கிடந்தது.

அடுத்தது நானூற்றுப் பதினெட்டு.
கால்களுக்கிடையில் நிறைப்பொறி
தெருவின் ஒவ்வொரு பள்ளத்துக்கும் தானாய் ஒளிர்ந்து
எதையோ நிறுத்து
அணைந்து
மறுபடி நிறுத்துக்கொண்டு வந்தது.