பல்லைப் பிடித்துப் பார்த்தது

லேடிஸ்மித்திலிருந்து நாற்பது கிலோமீட்டர்,
கடைசிப் பத்தும் மண்சாலை.
பண்ணை கைமாறிவிட்டது. மிச்சம் மீதி
கொட்டகையில் விற்பனைக்கு:
நசுங்கிய பால் கேன்கள், ஒரு கால் இல்லாத பியானோ,
ஆட்டு மயிர் கத்தரிக்கும் யந்திரம்,
அப்புறம் கோணிச் சாக்கின் மேல்
அது.

தானமாக வந்த மாட்டைத்தான்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது.
இதற்கு ஆறாயிரம் ராண்ட் கேட்டாள் ஹெஸ்டர் லாண்ட்மன்.
தவிர, நான் பல் டாக்டர்.
கைப்பையில் வாய்க்கண்ணாடி எப்போதும் கிடக்கும்.

லீவரை இறக்கினேன். தாடை திறந்தது.
தோட்டா இல்லையென்று இரண்டு தரம் பார்த்தபின்
கண்ணாடியை அடித்தொண்டையில் சாய்த்து
வெயிலைக் குழலுக்குள் திருப்பிவிட்டு
வாய்ப்பக்கம் கண்ணை வைத்தேன்.
சுழன்று ஓட வேண்டிய வரிகள்
பாதி கரைந்த சோப்பின் மேல் எழுத்தாக.
நடுவில் கருங்குழிகள்,
சுட்டபின் துடைக்காமல் விட்ட மருந்தின் உப்பு
தின்ற இடங்கள்.
ராத்திரி பல் தேய்க்காத வாய்கள்
எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

கூட வந்த துப்பாக்கிக் கடைப் பிரகாசன்
மருந்தில்லாத ஒரு தோட்டாவைத்
தலைகீழாக வாய்க்குள் விட்டான்.
விளிம்பு வரைக்கும் போய் உட்கார்ந்தது.
"இதில் குறி வைத்தால்
பக்கத்தில் மேயும் மாட்டுக்குத்தான் ஆபத்து, டாக்டர்."
எண்ணைக் கட்டை விரலால் தேய்த்துப் பார்த்து
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு என்றான்,
ஏழாகவும் இருக்கலாமாம்.
திருகுகளின் தலையெல்லாம் சிதைந்திருந்தன.
பிடியில் விரிசல், செம்புக் கம்பி சுற்றியிருந்தது.
பின்குறி எப்போதோ விழுந்துபோக
யாரோ ஒரு ஃபார்த்திங் காசை அறுத்து
அராவிச் செருகியிருந்தார்கள்.
அதில் அரைக் குருவி.

வேண்டாம் என்று சொல்லத்தான்
கட்டையை மடியில் புரட்டினேன்.
மெருகு போயிருந்தது வலப்பக்கம்.
ஊரெல்லாம் கன்னம் வைக்கும் இடப்பக்கம்
கடையிலிருந்து வந்த பளபளப்பு மாறாமல்.

"இதை யார் சுட்டது?"

"என் மாமனார் கெர்ட். பள்ளிக்கூடத்தில்
பெஞ்சோடு சேர்த்துக் கட்டுவார்களாம் அந்தக் கையை.
எழுத மட்டும் வலது. மற்றதற்கெல்லாம்..."
ஈயை விரட்டுவதுபோல
இடது கையைத் தூக்கிக் காட்டினாள்.

எனக்கும் ஒன்று உண்டு, பீச்சாங்கை.
திருநீறு வாங்க நீட்டி
குருக்கள் தட்டைப் பின்னுக்கு இழுத்த கை.
படித்த இடத்தில் நாற்காலி, தட்டு, துப்பும் கிண்ணம்
எல்லாமே வலப்பக்கம்,
முதுகைத் திருகித் திருகிப் பல் பிடுங்கப் பழகினேன்.
வெற்றுத் தோட்டாவை இது நேர் மேலே துப்பும்.
அந்தக் கை இந்தக் கை பேதமில்லை.

அப்பா காய்கறி லாரியை
இந்த வாசலில் நிறுத்திய இரண்டு முறையும்
நாயை அவிழ்த்து விட்டார்களாம்.
அவிழ்த்தது எந்தக் கையோ.

நாலாயிரத்து ஐநூறுக்குப் படிந்தது.
ஹெஸ்டர் நோட்டுகளை எண்ணவில்லை.
பால் கேன் ஒன்று வேண்டுமா என்றாள்.

லைசென்ஸ் காகிதம் எப்போது வருமோ.
பணம் என்னுடையது, பூட்டு பிரகாசனுடையது.
சனிக்கிழமை கடைசி நோயாளியை அனுப்பிவிட்டு
ஜெயிலில் ஆளைப் பார்க்கப் போகிறவள் மாதிரி
அவன் கடைக்குப் போகிறேன்.
பெட்டகத்தைத் திறந்து தருகிறான்.
இடது தோளில் வைத்தால்
தேய்ந்த குழிவு என் கன்னத்துக்குக்
கொஞ்சம் பெரிது.
அரைக் குருவிக்கு மேலே எதிர்ச்சுவரின் காலண்டர்,
போன மாதம் இன்னும் கிழிக்காமல்.

நேரமாச்சு என்று பிரகாசன் சாவியைக் குலுக்கினான்.
எந்தக் கையால் என்று பார்த்தேன்.