கெடுத்தல்

மெர்சியானா வீட்டு வெள்ளைச் சேவல்
என்னைக் கண்டால் இப்போதெல்லாம் ஓட்டில் ஏறிவிடுகிறது.
அதற்குத் தெரியும்.

முள்ளைக் கதவுக் கொண்டியில் மாட்டி,
நூலைப் பல்லில் கடித்து,
இரண்டு வால் இறகு, பிஸ்கட் உறையின் வெள்ளிக் கீற்று,
முடிச்சின்மேல் ஒரு சொட்டு நெயில்பாலிஷ்.
அவள் பாட்டிலைத் தேடிக்கொண்டே கேட்டாள்:
எந்த மீனுக்குக் கல்யாணம்?

மூக்கையூர் தூண்டில் வளைவு:
கடலுக்கு அரசாங்கம் போட்ட முள்.
அதன் நுனிக் கல்லில் நின்று வீசினேன்.
கச்சான் காற்று அதைத் திருப்பி
என் சட்டையில் குத்தியது.

மறுபடி வீச, முரல் ஒன்று
பின்னாலேயே வந்தது
கால்வரை வந்தது
பார்த்தது
திரும்பியது.

வெயில் ஏறுமுன் ஊளி குதறிப் போட்டதில்
வெள்ளி போச்சு. இறகில் மூன்று இழை மிச்சம்.
வேறு கட்டிவரவில்லை. அதையே வீசினேன், சும்மா,
கை கேட்காததால்.

பாரை.
நூலை உலர்த்துமுன்
இன்னொரு பாரை.

இரண்டு நாளாய், புதிதாய்க் கட்டியதை எல்லாம்
கத்தரிக்கோலால் கெடுத்துக்கொண்டிருக்கிறேன்.
எவ்வளவு கெடுக்க வேண்டும் என்பதுதான்
இன்னும் பிடிபடவில்லை.