ஒரு சாணும் நாலு விரலும்

வரைபடத்தில் பார்த்தால்
மணிலா விமான நிலையம் ஒன்றுதான்.
ஒன்றாம் முனையத்திலிருந்து மூன்றாம் முனையத்துக்கு
ஒரு விரற்கடை தூரம்.
நடுவில் ஊர் இருக்கிறது என்று
அதில் போடவில்லை.

ஊர் என்றால்
வாத்து முட்டை அவிக்கும் தள்ளுவண்டி,
ஒரே குடையில் மூன்று பேர்,
சண்டைச் சேவலை அக்குளில் இடுக்கிக்கொண்டு
ஜீப்னியின் பின்படியில் தொங்கும் ஆள்,
மழை பெய்தால் முட்டளவு தண்ணீர்.
அதற்குள் என் பஸ்.
பதினோரு வருஷமாக
வானத்திலிருந்து வந்தவர்களை
வானத்துக்கே கொண்டுபோய் விடுகிறேன்.
இடையில் மண்ணில் இருக்கும் நேரம் மட்டும்
என் பொறுப்பு.

அவள் ஜித்தாவிலிருந்து வந்தாள். ஹாங்காங் போகிறாள்.
இரண்டு எஜமானிகளுக்கு நடுவில்
நாலு மணி நேரம் சொந்த நாடு.
கழுத்து அட்டையில் பெயர்: ரொவேனா பங்கிலினான்.
பாஸ்போர்ட் ஏஜென்சி ஆளின் இடுப்புப் பையில்,
வேறு இரண்டு பெண்களுடையதோடு சேர்ந்து.
இறங்கக் கூடாது என்று
அவன் முன்பே சொல்லியிருக்க வேண்டும்,
அவள் கேட்கவே இல்லை.
கதவோரம் நின்றுகொண்டு
போனில் யாருக்கோ வழி சொன்னாள்:
மருந்துக்கடை, அடுத்து டயர்க்கடை,
அந்த சிக்னலில் நில்,
வெள்ளை பஸ், வெள்ளை பஸ்.

எந்த நாளும் அரை மணிக்குக் குறையாமல்
எங்களை நிறுத்திவைக்கும் அந்த சிக்னல்
அன்று பார்த்துப் பச்சை.
குறுக்கே ஒரு ஈ காக்கை இல்லை.
பதினோரு வருஷம் நான் திட்டிய சாலை
தண்ணீராக ஓடியது.
தூரத்தில் பையன் ஓடி வருகிறான்,
பள்ளிச் சட்டை, ரப்பர் செருப்பு.

எஞ்சின் நின்றுவிட்டது என்றுதான்
டிப்போவில் எழுதிக் கொடுத்தேன்.
எஞ்சின் தானாக நிற்கவில்லை.

கதவைத் திறந்தேன், காற்றுக்காக.
ஏஜென்சி ஆள் எழுந்தான்,
படியைப் பார்த்தான், உட்கார்ந்தான்.
அவள் இறங்கவில்லை.
படியிலேயே குந்தி
பையிலிருந்து ஷூவை எடுத்தாள்.
நீல நிறம், நடந்தால் குதியில் விளக்கு எரியும் வகை.
ஆறு வயதில் விட்டுப்போன காலை
மனதிலேயே வளர்த்து வாங்கியது.
பையன் திணித்துப் பார்த்தான்.
குதிகால் வெளியே நின்றது.
"போகுதும்மா" என்றான்.

பின்னால் ஹார்ன், அதற்குப் பின்னாலும் ஹார்ன்.
அவள் அந்தப் பாதத்தைத் தூக்கி மடியில் வைத்து
கையால் அளந்தாள்.
ஒரு சாண். நாலு விரல்.
இன்னொரு முறை அளந்தாள், அதே அளவு.
மூன்றாம் முறை கை வைத்தபோது
அது அளப்பதற்கில்லை என்று
கண்ணாடியில் பார்த்த எனக்கே தெரிந்தது.

சிக்னல் சிவந்தது. பச்சையானது. சிவந்தது.

முன் இருக்கையில் ஒரு கப்பல்காரர்,
பழுப்பு உறை மார்போடு,
கடிகாரத்தைத் தட்டினார்.
"தம்பி, என் கப்பல் ராட்டர்டாமில் நிற்கிறது.
எட்டு மாசம் காத்திருந்து கிடைத்த வேலை.
எனக்கும் வீட்டில் கால்கள் இருக்கின்றன."
அதுவும் நியாயம்தான்.
சாவியைத் திருப்பினேன்.

மூன்றாம் முனையத்தில் அவர் ஓடினார்,
ஐம்பத்தைந்து வயதுக்காரர் ஓடுவது மாதிரி,
முதலில் பை, பிறகு உடம்பு.
விமானம் கிடைத்ததோ என்னவோ.
அந்தக் கணக்கு இன்னும்
என் பேரில் நிலுவையில் இருக்கிறது.

அவள் எனக்கு நன்றி சொல்லவில்லை.
என்னைப் பார்க்கவும் இல்லை.
வலது கையை விரித்தபடி,
கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில்
எதுவோ இருப்பதுபோல்
மடக்காமல்,
கூட்டத்தை இடது தோளால் விலக்கிக்கொண்டு
உள்ளே போனாள்.