வியாழக்கிழமை வருத்தம்

திங்கள் ஓடும். செவ்வாய் ஓடும்.
புதன் பின்னேரம் கொஞ்சம் இருமும்.
வியாழக்கிழமை
பண்ணைப் பாலத்தில் நடுவழியில் நிற்கும்,
முதுகில் ஐயாயிரம் லீற்றர் நல்ல தண்ணி,
ரெண்டு பக்கமும் உப்புத் தண்ணி.

கிருபைராசா ஏலத்தில் எடுத்த ஆமி லொறி.
பச்சைக்கு மேலே நீலம் அடித்து
தீவகக் குடிநீர் என்று எழுதுவித்தவர்.
கதவிடுக்கில் இன்னும் பச்சைதான்.
சத்தம் கேட்டால் மண்டைதீவில் சிலபேர்
கையில் இருக்கிறதை அப்படியே விட்டு நிமிர்வினம்.
நீலத்தைக் கண்ட பிறகுதான்
வாளி எடுக்கப் போவினம்.

"தங்கச்சி, இது செய்வினை.
வேலணையில் ஒருத்தர் தேசிக்காய் வெட்டுறவராம்."
வெட்டுங்கோ அண்ணை,
அதுக்கு முதல் பில்டரை மாத்துவம்.

மாத்தினேன்.
அடியில் நின்ற தண்ணியை வடித்தேன்.
செம்பு வொஷர்கள் புதிசு.
பம்மைக் கழற்றி, ரப்பர்த் தோலை
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்: ஓட்டை இல்லை.
கைப்பம்மை அமத்தி அமத்தி
காத்துத் திருகாணியைக் கால் சுற்றுத் தளர்த்த
முதலில் சவர்க்கார நுரை,
பிறகு துப்பல்,
பிறகு ஒரே நூலாய் டீசல்.
அந்த இடத்தில் இறுக்கவேணும்.
ஒரு செக்கன் முந்தினாலும் பொய்.

ஒரே அடியில் ஸ்ரார்ட்.
திங்கள் ஓடினது. செவ்வாய் ஓடினது.

வியாழன் ரெலிபோன் அடிக்கேக்கை
நான் சோத்தில் கை வைத்திருந்தேன்.

அண்ணை, எப்ப டீசல் அடிக்கிறனீங்கள்?
"ஞாயிறு இரவு. ஃபுல் ராங்க்."
மீற்றர் என்ன காட்டுது?
"அது செத்து எவ்வளவு காலம்."

மேசன்மார் மட்டம் பார்க்கிற
கண்ணாடிக் குழாயில் ஒரு முழம் வெட்டி
லைனுக்கு நடுவில் பூட்டினேன்.
ராங்க் நிறைய இருக்க, தேன் மாதிரி வந்தது.
கானில் வாங்கி வாங்கிக் குறைத்தேன்.
பாதிக்கு ஒரு விரல் கீழே
முதல் குமிழி.
பின்னால் ஒன்று.
பிறகு வரிசையாய், பள்ளிக்கூடம் விட்டது போல.

ராங்கை இறக்க நாலு பேர்.
உள்ளே உறிஞ்சுகிற குழாயை உருவி
நுனியை விரலால் பொத்தி
வாளித் தண்ணிக்குள் ஊதினேன்.
சரி நடுவில்
மயிரளவு வெடிப்பு.
நிறைந்திருந்தால் டீசல் குடிக்கும்,
குறைந்தால் காத்துக் குடிக்கும்.
செய்வினை அவ்வளவுதான்.

பழைய இரும்பு எடுக்க வந்த ஜவுபர் நானாதான்
ராங்கைப் பிரட்டிப் போட்டுவிட்டுக் கேட்டவர்:
"இதை ஆர் எழுதினது?"
சேஸிக்குள் ஒளிந்து கிடந்த பக்கம்.
பச்சைக்கு மேல் வெள்ளைத் தூரிகை, சிங்களம்.
கழற்றினவனுக்கு மட்டும் தெரியும் இடம்.

எனக்கு அந்த எழுத்து
பஸ் போர்ட்டில் ஊர்ப்பேர் அளவுக்குத்தான்.
நானா இருபது வருசம் புத்தளத்தில் இருந்தவர்,
போகச் சொன்னதால் போனவர்.
விரலால் தூசி துடைத்து வாசித்தார்:

"குழாய் நடுவில் வெடிப்பு.
சாமான் கேட்டேன், வரவில்லை.
பாதிக்குக் கீழே இறங்க விடாதே."

பேர் இல்லை. திகதி இல்லை.

சாமான் வரவில்லை.
எங்கட பக்கமும் அப்ப அதுதான் கதை.
மோட்டச்சைக்கிளுக்கு மண்ணெண்ணெய் ஊத்தி
காபரேற்றருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டு
உதைத்து உதைத்துக் கால் வீங்கினது
அப்பாவுக்கு.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
நானாவும் சொல்லவில்லை.
கிருபைராசா மட்டும்,
"முட்டாள், கதவில எல்லோ எழுதியிருக்கோணும்."

பித்தளைக் குழாய் வளைத்து ஒட்டினேன்.
ஞாயிறு இரவு டீசல் அடிக்கவேண்டாம் என்று சொல்லி
கடைசி மூன்று லீற்றரில் பாலம் ஏறினோம்.
அவர் ஸ்ரியரிங்கைப் பிடித்த பிடியில்
விரல் வெளிறிப் போயிருந்தது.
நடுவழி வந்தது.
நடுவழி போனது.

ராங்கைத் திரும்பப் பூட்ட முந்தி
துருவுக்குப் பெயின்ட் அடித்தேன்,
அந்த மூன்று வரியை மட்டும் சுற்றிக்கொண்டு.
இப்ப அது பொய். கிடக்கட்டும்.

பில்:
உறிஞ்சு குழாய் ஒன்று.
வொஷர் ஆறு.
கூலி, ஒன்றரை நாள்.
வாசித்த வகையில்
ஜவுபர் நானாவுக்கு ஒரு பிளேன்ரீ.